தண்ணீர் ஊற்றும் நேரத்துக்குப் போங்கள்

மாயவரம் பக்கம் சித்தப்பா ஊரில், குளக்கரையை ஒட்டி ஊர்க்காரர்களே ஒரு தோட்டம் வைத்திருக்கிறார்கள். சங்கப் பாட்டில் வரும் மரங்களையும் செடிகளையும் தேடி நட்டு, ஒவ்வொன்றின் அருகிலும் பெயர்ப்பலகை, அதில் பாட்டிலிருந்து இரண்டு அடி. நுழைவுச்சீட்டும் கிடையாது, காவலாளும் கிடையாது. இந்த மாதிரி இடத்துக்குப் போகிறவர்கள் நேரத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். நாங்கள் முதல் நாள் பலகாரம் சாப்பிட்டுவிட்டு நிதானமாக 11 மணிக்குப் போனோம். படல் சாத்தியிருந்தது. மறுநாள் காலை 6 மணிக்குப் போனால் நாலைந்து பேர் குடத்தோடு நிற்கிறார்கள். பலகையில் எழுதாததெல்லாம் அவர்களிடம் கேட்டால்தான் கிடைக்கும்.

ஒரு அக்கா என் மகளைப் புன்னையடிக்குக் கூட்டிப் போய், நற்றிணைப் பாட்டு ஒன்றைக் கதையாகச் சொன்னார். விளையாட்டாக மணலில் அழுத்திவிட்டு மறந்துபோன புன்னை விதை முளைத்துவிடுகிறது. நெய் கலந்த பால் ஊற்றி வளர்க்கிறாள் பெண். 'உன்னைவிட இது உசத்தி, உனக்குத் தங்கை' என்கிறாள் அம்மா. வளர்ந்தபின், தங்கை நிற்கும் இடத்தில் காதலனோடு சிரித்துப் பேச அவளுக்குக் கூச்சம். டொராண்டோவில் பிறந்த என் மகள், புன்னைக்கு ஒரு குடம் ஊற்றாமல் நகர மாட்டேன் என்று நின்றுவிட்டாள்.

இங்கே நீலக்குறிஞ்சியைத் தேடாதீர்கள், அது மலையில் 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. டெல்டாவில் மருதமும் நெய்தலும்தான்: மருது, ஆம்பல், தாழை, ஞாழல். அப்படியே திருவிடைமருதூருக்கும் போய் வாருங்கள், அந்தக் கோயிலின் தலமரமே மருது. தில்லை மரம் பார்க்கப் பிச்சாவரம் போகலாம். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, பிள்ளைகளைக் கிளை ஒடிக்க விடாதீர்கள்.

தையும் மாசியும் நல்ல மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொள்ளும். சித்திரையில் கொன்றை பூத்துக் கிடக்கும், ஆனால் 9 மணிக்கு மேல் வெயில் தாங்காது. சென்னை எழும்பூரிலிருந்து மயிலாடுதுறைக்கு (மாயவரத்தின் இப்போதைய பெயர்) ரயில் இருக்கிறது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்குத் திருச்சி விமான நிலையம் வசதி.

பணம் கொடுக்கும் முன் ஒரு விஷயம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள், இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், இங்குள்ள அமைப்புக்குத் தருவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வரும். அதற்கான பதிவு இல்லாத குழுவுக்கு அதனால் சிக்கல். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தரலாம். மற்றவர்கள் ஒரு காலைப்பொழுது குடம் தூக்குங்கள், களை பிடுங்குங்கள்.

அப்புறம், விதையோ பதியனோ பெட்டியில் வைக்காதீர்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து விமான நிலையங்களில் பறித்துக்கொள்வதோடு அபராதமும் போடுவார்கள். என் மகளும் புன்னை விதை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தர மறுத்தாள். அந்த அக்காதான், "இங்கயே அழுத்திட்டுப் போ கண்ணு, முளைச்சா நாங்க தண்ணி ஊத்துறோம்" என்று வேலியோரம் இடம் காட்டினார்.