கண்ணாடியோடு ஒட்டிய லெனன் படம்

1974 ஆகஸ்டில் நியூயார்க் மொட்டை மாடியொன்றில் புகைப்படக்காரர் பாப் க்ரூயன் எடுத்த பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனன் படம் எல்லோருக்கும் தெரியும்: கையில்லாத டி-ஷர்ட், நெஞ்சில் நகரத்தின் பெயர். க்ரூயன் கையெழுத்திட்ட சில்வர் ஜெலட்டின் பிரதியொன்று (வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் பூசிய தாளில் எடுத்த கருப்பு-வெள்ளைப் படம்) என்னிடம் இருக்கிறது. சட்டம் போட்டபடியேதான் வந்தது.

மழைக்காலத்தில் ஒரு மூலை கண்ணாடியோடு ஒட்டுவதுபோல் மினுங்கியது. ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சி இளகும்; கண்ணாடியைத் தொட்டபடி காய்ந்தால் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்துவிட்டால் இழுக்கவே கூடாது, பழுதுபார்க்கும் நிபுணரிடம்தான் கொடுக்க வேண்டும். என்னுடையது தானாகவே விலகி வந்தது. பெரிய நிம்மதி!

பின்னால் இருந்த பழுப்பு அட்டையைத் தூக்கிப்போட்டேன். அதன் அமிலம் காகிதத்தை அரிக்கும். பருத்தி நாரால் ஆன அமிலமற்ற அட்டை வாங்கி, கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி விழும்படி தடிமனான மவுண்ட் (படத்தைச் சுற்றி வரும், நடுவில் ஜன்னல்போல் வெட்டிய அட்டை) வெட்டச் சொன்னேன். கையெழுத்து முழுதும் தெரியும் அளவுக்கு ஜன்னலைப் பெரிதாக்கினோம். அதை மறைத்து மாட்டுவது எனக்குப் பொறுக்காது. பசையோ டேப்போ படத்தில் படவில்லை. பாலியெஸ்டர் மூலைகள் மட்டுமே தாங்குகின்றன. முன்னால் பழைய கண்ணாடிக்குப் பதிலாகப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் தகடு. மழைநீர் ஊறும் வெளிச்சுவரை விட்டு, உட்சுவரில் மாட்டியிருக்கிறேன்.