மென்று சாப்பிடச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள்: உணவுக்குழாய் அலர்ஜியில் நடக்கும் தவறுகள்

போன வாரம் ஒரு பயிற்சி மருத்துவர் எழுதிய எண்டோஸ்கோபி அறிக்கை கைக்கு வந்தது. 'சிக்கிய உணவு அகற்றப்பட்டது. உணவுக்குழாய் இயல்பாக உள்ளது. நன்றாக மென்று சாப்பிட அறிவுறுத்தப்பட்டது.' பயிற்சிக் காலத்தில் நான் எழுதிய ஓர் அறிக்கையிலும் கிட்டத்தட்ட இதே மூன்று வரிகள்தான் இருந்தன. அது என்ன விளைவைத் தந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இயோசினோஃபிலிக் உணவுக்குழாய் அழற்சி ஒரு நாட்பட்ட அலர்ஜி. சாப்பிடும் உணவில் உள்ள ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளாமல், இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் உணவுக்குழாயின் சுவரில் வந்து குவிகின்றன. 1990களில்தான் இது தனி நோயாக அடையாளம் காணப்பட்டது. உணவு தொண்டைக்குக் கீழே சிக்கி அவசரமாக வருபவர்களிடம் இன்று அதிகம் காணப்படும் காரணமும் இதுதான்.

'பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது'

நள்ளிரவில் ஓர் இளைஞர் வந்தார். இறைச்சித் துண்டு சிக்கி, எச்சில்கூட இறங்கவில்லை. ஸ்கோப் போட்டுத் துண்டை எடுத்தேன். உணவுக்குழாய் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரிந்தது. பயாப்சிக்கு, அதாவது நுண்ணோக்கியில் பார்க்கச் சிறு சதைத் துண்டு எடுக்கும் இடுக்கி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை. 'அவசரப்படாமல் மென்று சாப்பிடுங்கள்' என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆறு வருடம் கழித்து அவர் திரும்பி வந்தபோது, ஸ்கோப் பாதி தூரத்துக்கு மேல் இறங்க மறுத்தது. அழற்சி தழும்பாக மாறி, குழாயே சுருங்கிப் போயிருந்தது. 'டாக்டர், நீங்க சொன்னதிலிருந்து மென்னு மென்னுதான் சாப்பிடுறேன்' என்றார். அந்த வாக்கியம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

இந்த நோயில் வளையங்கள், நீளவாக்கில் கோடுகள், வெள்ளைப் புள்ளிகள், வீக்கம் எல்லாம் தெரியலாம். எதுவுமே தெரியாமலும் இருக்கலாம். நுண்ணோக்கியில் அதிகம் பெரிதாக்கிப் பார்க்கும் ஒரு பரப்பில் 15 இயோசினோஃபில்களோ அதற்கு மேலோ இருக்கின்றனவா என்பது பயாப்சியில்தான் தெரியும். அழற்சி திட்டுத்திட்டாக இருப்பதால் ஒரு துண்டு, இரண்டு துண்டு போதாது. மேலும் கீழுமாக இரண்டு இடங்களிலாவது எடுத்து, மொத்தம் 6 துண்டுகளாவது அனுப்புங்கள். கோடோ புள்ளியோ தெரிந்தால் அங்கிருந்தே எடுங்கள். எதைத் தேடுகிறீர்கள் என்று நோயியல் மருத்துவருக்கு ஒரு வரி எழுதுங்கள்.

சரி, அந்த இரவு நோயாளியின் நிலை மோசமாக இருந்து எடுக்க முடியவில்லை என்றால்? அவர் வீட்டுக்குப் போவதற்குள் அடுத்த எண்டோஸ்கோபிக்குத் தேதி குறித்துக் கொடுங்கள். 'பிறகு வாருங்கள்' என்றால் பலர் வரமாட்டார்கள். உணவு இறங்கிவிட்டது, வலி போய்விட்டது, அவர் ஏன் வருவார்?

தாமதத்தின் விலை என்ன? 2013இல் வெளிவந்த ஸ்விட்சர்லாந்து ஆய்வு ஒன்று 200 நோயாளிகளை ஆராய்ந்தது. அறிகுறி தொடங்கி 2 வருடத்துக்குள் நோய் கண்டறியப்பட்டவர்களில் 17 சதவீதம் பேருக்குக் குழாய் சுருங்கியிருந்தது. 20 வருடத்துக்கு மேல் தாமதமானவர்களில் அது 71 சதவீதம். ஐந்து நிமிட வேலையைத் தள்ளிப்போடுவதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

'விழுங்கக் கஷ்டமா?' என்று மட்டும் கேட்பது

'இல்லை' என்பார்கள். பொய் சொல்லவில்லை, பழகிவிட்டார்கள். வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டு எழுவது யார், ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிக்கிறாரா, இறைச்சியையும் ரொட்டியையும் எப்போது விட்டார், மாத்திரை விழுங்கத் தயங்குகிறாரா என்று கேளுங்கள். சிறு குழந்தை என்றால் சாப்பாட்டை மறுப்பது, அடிக்கடி வாந்தி, எடை ஏறாதது.

அமில மாத்திரையில் (வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை) குணமானால் இந்த நோய் இல்லை என்பது

பழைய விதி. 2018லேயே கைவிடப்பட்டது. அந்த மாத்திரை இந்த நோய்க்கே ஒரு சிகிச்சை.

தோல் பரிசோதனையைப் பார்த்து உணவை நிறுத்துவது

வேண்டாம். இந்த நோயைத் தூண்டும் உணவை அது நம்பும்படி காட்டுவதில்லை.

உணவை நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். அதற்காக எடுத்த எடுப்பிலேயே பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டை வகைகள், கடல் உணவு ஆறையும் பறிக்க வேண்டியதில்லை. பாலை மட்டும் நிறுத்திய பெரியவர்களுக்கும் ஆறையும் நிறுத்தியவர்களுக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2023இல் வந்த ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. பாலில் தொடங்குங்கள்.

ஸ்டீராய்டை எப்படி எடுப்பது என்று சொல்லாமல் விடுவது

அழற்சியைக் குறைக்க ஃப்ளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு இன்ஹேலர் கொடுத்தால் நோயாளி அதை மூச்சோடு உள்ளே இழுப்பார். மருந்து நுரையீரலுக்குப் போய்விடும். ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் குழாய்) இல்லாமல், மூச்சை நிறுத்திக்கொண்டு வாய்க்குள் அடித்து, விழுங்க வேண்டும். அப்புறம் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் வாயில் பூஞ்சை வரும். அடுத்த அரைமணி நேரம் தண்ணீர்கூடக் கூடாது. 'மருந்து வேலை செய்யவில்லை' என்று வந்த ஒருவரை என் முன்னால் எடுத்துக் காட்டச் சொன்னேன். மூன்று மாதமாக ஆஸ்துமாவுக்கு எடுப்பதுபோல இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அறிகுறி போனதும் மருந்தை நிறுத்துவது

அறிகுறியும் அழற்சியும் சேர்ந்தே போவதில்லை. சிகிச்சை தொடங்கி 8 முதல் 12 வாரத்தில் மறுபடி ஸ்கோப், மறுபடி பயாப்சி. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு நோய் திரும்பும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

குழாயை விரித்தால் முடிந்தது என்று நினைப்பது

விரித்தால் உணவு இறங்கும். அழற்சி அப்படியே இருக்கும். என் பழைய நோயாளிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை விரித்தோம். கூடவே விழுங்கும் ஸ்டீராய்டும் தொடர்ந்தது.

போன வாரத்து நோயாளியைத் திரும்ப அழைத்திருக்கிறோம். வியாழக்கிழமை வருகிறார். பயாப்சி முடியும்வரை அமில மாத்திரை வேண்டாம், அது அழற்சியை மறைத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறோம். இடுக்கியை இந்த முறை அந்தப் பயிற்சி மருத்துவரே பிடிக்கப் போகிறார்.