சிறிய மீட்புப் படகில் விளக்குகளும் மின்சாதனங்களும் பொருத்தும் முறை

மீட்புப் படகின் மின்னமைப்பு இருட்டிலும் மழையிலும் அலையிலும்தான் முழு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. கரையோரம் வெயிலில் நிற்கும்போது எல்லா விளக்கும் எரியும். அலை மேலேறி அடித்த பிறகும் அவை எரிய வேண்டும். ஆகையால், எந்த விளக்கை வாங்குவது என்று ஆராய்வதைவிட, ஒவ்வோர் இணைப்பும் என்றாவது உப்புநீரில் நனையத்தான் போகிறது என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவதே முக்கியம். கீழே உள்ளவை, சுமார் 6 மீட்டர் நீளமும் பின்புறம் வெளியே மாட்டிய (அவுட்போர்டு) எஞ்சினும் 12 வோல்ட் மின்சாரமும் கொண்ட திறந்த படகை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

முதலில் மின்தேவையைத் தாளில் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். மற்ற படகுகளுக்கு நம் படகைக் காட்டும் எல்.ஈ.டி. வழிகாட்டு விளக்குகள் எல்லாம் சேர்ந்து அரை ஆம்பியர் அளவே இழுக்கும். 30 வாட் தேடுவிளக்கு 2.5 ஆம்பியரும், ஜி.பி.எஸ். திரை ஏறத்தாழ 1 ஆம்பியரும் எடுக்கும். கரையோடும் மற்ற படகுகளோடும் பேச உதவும் வி.எச்.எஃப். வானொலி, கேட்கும்போது அரை ஆம்பியரோடு நின்றாலும், 25 வாட் திறனில் பேசும்போது 5 முதல் 6 ஆம்பியர் வரை இழுக்கும். படகின் அடியில் சேரும் நீரை இறைக்க விட்டுவிட்டு ஓடும் பில்ஜ் பம்பையும் சேர்த்துச் சராசரியாக 5 ஆம்பியர் என்று கொண்டால், 60 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் 6 மணி நேரம் ஓட்டலாம். தேடுதல் வேலை பெரும்பாலும் எஞ்சின் மெல்ல ஓடும்போதே நடப்பதாலும், அந்த வேகத்தில் எஞ்சினிலிருந்து கிடைக்கும் மின்னூட்டம் மிகக் குறைவு என்பதாலும், எஞ்சினை ஸ்டார்ட் செய்ய ஒரு பேட்டரி, மற்ற சாதனங்களுக்கு ஒரு பேட்டரி என்று பிரித்து, இரண்டையும் மின்னழுத்தம் அறிந்து இணைக்கும் ரிலே ஒன்றால் சேர்ப்பதே பாதுகாப்பானது. இரண்டும் அமிலம் சிந்தாத, மூடிய ஏ.ஜி.எம். வகையாக இருக்கட்டும், அலை தூக்கிப் போட்டாலும் அசையாதபடி பட்டை போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும்.

வயரின் தடிமனில் சிக்கனம் கூடாது. வழிகாட்டு விளக்கு, வானொலி, பம்ப் ஆகியவற்றுக்குச் செல்லும் வழியில் மின்னழுத்த இழப்பு 3 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 5 ஆம்பியர் இழுக்கும் பம்ப் 6 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 12 மீட்டர் வயர். 1.5 சதுர மி.மீ. வயரில் சுமார் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும், 2.5 சதுர மி.மீ. வயரிலும் இழப்பு 3 சதவீதத்தைச் சற்றுத் தாண்டுகிறது. 4 சதுர மி.மீ. போட்டால் 0.26 வோல்டோடு நின்றுவிடும். வயர் பல இழைகள் கொண்டதாகவும், ஒவ்வோர் இழையும் வெள்ளீயம் பூசிய செம்பாகவும் இருக்க வேண்டும். வீடுகளில் பயன்படும் ஒற்றைக் கம்பி வயர் படகின் அதிர்வில் முறிந்துவிடும்.

பழுதுகளில் பெரும்பாலானவை இணைப்புகளில்தான் பிறக்கின்றன என்பதால் இங்கே அவசரப்படவே கூடாது. இழை ஒன்றுகூட அறுபடாமல் மேலுறையை உரித்து, அளவுக்குப் பொருந்தும் கிரிம்ப் முனையில் (வயரை நசுக்கிப் பிடிக்கும் உலோக முனை) செருகி, அதற்கென உள்ள ராட்செட் கருவியால் அழுத்த வேண்டும். பிறகு கையால் பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும். நழுவினால் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டும். அதன்மேல் உள்ளே பசை பூசிய சுருங்கு குழாயைப் போட்டுச் சூடுகாட்டும்போது, இரு ஓரங்களிலும் பசை மெல்லிய வளையமாகப் பிதுங்கி வந்தால்தான் நீர் புகாது என்று கொள்ளலாம். ஈயப் பற்றவைப்பை மட்டும் நம்பினால், ஈயம் முடியும் இடத்தில் வயர் விறைத்து, அங்கேயே ஒடிகிறது. ஈரம் புகுந்த இணைப்பில் நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் இடையே மெல்லிய மின்னோட்டம் கசிந்து நேர்முனைச் செம்பைக் கரைத்துவிடும். திறந்து பார்த்தால் பச்சைப் பொடிதான் இருக்கும். சாதனத்துக்குள் நுழையுமுன் வயர் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து மேலேறினால், வழிந்து வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

ஒவ்வொரு நேர்முனை வயருக்கும், பேட்டரியிலிருந்து 20 செ.மீ. தூரத்துக்குள் பியூஸ் வேண்டும். பியூஸ் காப்பது வயரைத்தான். ஆகவே அதன் அளவு வயர் தாங்கும் ஆம்பியரைத் தாண்டக் கூடாது. நீர் ஏறியதும் பில்ஜ் பம்பைத் தானே ஓடவிடும் மிதவை சுவிட்சை மட்டும் மெயின் சுவிட்சைச் சாராமல், தனி பியூஸோடு நேரே பேட்டரியில் இணைக்க வேண்டும்; படகில் ஆளில்லாத நேரத்திலும் அது நீரை இறைக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் படகின் அடியில் தங்கும். அங்கே பொறி வெளியேறாதபடி மூடப்பட்ட சுவிட்சுகளைத் தவிர வேறெந்தச் சுவிட்சையும் வைக்கக் கூடாது.

வழிகாட்டு விளக்குகளுக்கு 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளே அடிப்படை. 12 மீட்டருக்குக் குறைவான எஞ்சின் படகு, சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்றும், இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் பச்சையும் காட்டினால் போதும். பக்க விளக்கு ஒவ்வொன்றும் நேர் முன்னிருந்து தன் பக்கமாக 112.5 பாகை வரை தெரிய வேண்டும். வெள்ளை விளக்கு 2 கடல் மைல், பக்க விளக்குகள் 1 கடல் மைல் தூரத்துக்குத் தெரிய வேண்டும். வெள்ளை விளக்கு பக்க விளக்குகளைவிடக் குறைந்தது 1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். நிற்பவரின் தலை மறைக்காதபடி அதைப் படகின் மேலெழும் உலோகச் சட்டத்தின் உச்சியில் பொருத்தி, ஒளி தளத்தில் விழாமல் தடுக்க அடியில் கறுப்புத் தகடு ஒன்று வைப்பது நல்லது. வேகமெடுக்கும்போது படகின் முன்முனை மேலெழும் என்பதையும் கணக்கில் கொண்டு பக்க விளக்குகளின் மட்டத்தை அமைக்க வேண்டும். காற்றடைத்த பக்கக் குழாய் உள்ள படகில் குழாயின் மேல் துளையிட முடியாது. எல்லாவற்றையும் உலோகச் சட்டத்திலேயே மாட்ட வேண்டும்.

தேடுவிளக்கை ஓட்டுநருக்கு முன்னால் பொருத்த வேண்டும். பின்னாலிருந்து வரும் ஒளி தளத்திலும் தூறலிலும் பட்டுக் கண்ணைக் கூச வைக்கும். கூசிய கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். நீரில் தத்தளிப்பவரைத் தேடும்போது அத்தனை நேரத்தை இழக்க முடியாது. அதனால் கருவிப் பலகைக்கு மங்கிய சிவப்பு விளக்கே பொருத்தம். கப்பல்களில் வைக்கப்படும் மீட்புப் படகின் தேடுவிளக்கு குறைந்தது 6 பாகை விரிவும் 2500 கேண்டெலா ஒளிச்செறிவும் கொண்டு 3 மணி நேரம் தொடர்ந்து எரிய வேண்டும் என்பது சர்வதேச விதி. சிறிய படகுக்கும் அதை அளவுகோலாகக் கொள்ளலாம்.

மலிவான எல்.ஈ.டி. விளக்குகள் சில, வானொலி வரவைக் கெடுக்கும் இரைச்சலை உண்டாக்குகின்றன. வானொலியை ஆளில்லாத அலைவரிசையில் வைத்து, இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் திருகை, இரைச்சல் சரியாக அடங்கும் இடத்தில் நிறுத்தி, விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு விளக்கைப் போட்டதும் இரைச்சல் மீண்டும் எழுந்தால் அந்த விளக்கை மாற்றுவதே நல்லது. இல்லையேல் உதவி கேட்கும் மெல்லிய குரல் அதில் புதைந்துபோகும். திசைகாட்டிக்கு அருகே செல்லும் நேர், எதிர் வயர்களை ஒன்றோடொன்று முறுக்கி விட வேண்டும். ஒலிபெருக்கியைத் தள்ளி வைத்து, ஒவ்வொரு சுவிட்சையும் போடும்போது முள் அசைகிறதா என்று பார்க்க வேண்டும்.

முடிந்ததும் எல்லாச் சாதனங்களையும் ஒன்றாக ஓடவிட்டு, மின்னழுத்தத்தை விளக்கின் முனையிலேயே மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கும்போது விளக்கில் 12.2க்குக் கீழே காட்டினால், இடையில் உள்ள இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். பிறகு ஹோஸ் குழாயால் படகு முழுவதையும் நனைத்து, மறுநாள் அதே இடங்களில் மீண்டும் அளந்து, இரண்டு அளவுகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிப் படகிலேயே வைத்திருந்தால், பின்னாளில் எந்த இணைப்பு தளர்ந்து வருகிறது என்பதை விளக்கு அணையுமுன்பே கண்டுகொள்ளலாம்.