பழைய சினிமாக் காட்சி ஒன்றை எடுத்த இடம் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், நடிகர்களை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். மரம், ஓட்டு வீடு, கடைப்பலகை எல்லாம் நாற்பது வருடத்தில் போயிருக்கும். மலையின் விளிம்பு, பாறை, கோயில் கோபுரம், பாலம், ரயில் பாதை இவைதான் நம்பகமானவை.

காட்சியில் நீலகிரி மலை ரயில் வந்தால் வேலை பாதி முடிந்தது. தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை தெரிகிறதா? அப்படியென்றால் அது கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையில்தான். இல்லையென்றால் குன்னூருக்கு மேலே வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒவ்வொரு நிலையமாகப் பார்த்துக்கொண்டே போகலாம், கல்லாருக்குக் கீழே உள்ள சமவெளியையும் மறந்துவிடாதீர்கள்.

அப்புறம் கூகுள் எர்த்தில் மலையைச் சாய்த்துப் பார்த்து, படத்தில் இருக்கும் விளிம்போடு ஒப்பிடுங்கள். நேரில் போனால் பக்கத்தில் ஒரு பொருள், தூரத்தில் ஒரு பொருள், இரண்டும் படத்தில் போலவே ஒன்றையொன்று ஒட்டி நிற்கும்வரை நகர்ந்து நில்லுங்கள், கேமரா நின்ற இடம் கிட்டத்தட்ட அதுதான். தண்டவாளத்தில் மட்டும் இறங்காதீர்கள்.

டீக்கடையில் வயதானவர்களிடம் படத்தின் பெயரைச் சொல்லாமல் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுங்கள், பெயரைச் சொன்னால் எல்லாரும் தங்கள் ஊர் என்றுதான் சொல்வார்கள்!

சில இடங்களைப் படத்தில் இருந்ததுபோல் பார்க்கவே முடியாது. 1975இல் வந்த ஷோலே இந்திப் படத்தின் கிராமம் பெங்களூருக்கு அருகே ராமநகரத்தில் போட்ட செட், இன்று பாறைகள்தான் மிச்சம். கொடைக்கானல் குணா குகையையோ வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும்.