டோக்கியோவில் குடியேறுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டோக்கியோவில் தவறு செய்கிறவரை யாரும் கூப்பிட்டுக் கண்டிப்பதில்லை. அங்கே புதிதாக வேலைக்குச் செல்லும் நம்மவர்களை ஏமாற்றிவிடுவதும் இதுதான். நம் ஊரில் என்றால் எதிர்வீட்டுக்காரரோ வீட்டு உரிமையாளரோ வாசலிலேயே நிறுத்தி நாலு வார்த்தை சொல்லிவிடுவார். அங்கே தலைகுனிந்து வணங்கிவிட்டுக் கடந்து போவார்கள், தவறுக்கான விலையோ சில மாதம் கழித்து ஒரு கடிதமாக அஞ்சல் பெட்டிக்கு வந்து சேரும்.

நான் குடியேறிய இரண்டாவது வாரத்தில், காலையில் வைத்துவிட்டு வந்த குப்பைப் பை மாலையில் அதே இடத்தில், காக்கைகளுக்காகப் போடும் வலை அகற்றப்பட்ட பின்னும், மேலே ஓர் ஒட்டுத்தாளுடன் தனியாகக் கிடந்தது. எரியும் குப்பையோடு ஒரு கண்ணாடி ஊறுகாய்ப் பாட்டிலைப் போட்டிருந்தேன். தெருவில் எல்லோரும் பார்த்திருப்பார்கள், ஒருவரும் பேசவில்லை. நகரின் 23 வார்டுகளும் தத்தம் விதிப்படி குப்பையைப் பிரிக்கச் சொல்வதால், பக்கத்து வார்டில் வசிக்கும் நண்பர் சொல்வதை நம்பாமல், வார்டு அலுவலகத்தில் தரும் அட்டவணையைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்துக்கொள்வதே நல்லது. பெரும்பாலான இடங்களில் குறிப்பிட்ட நாளன்று காலை 8 மணிக்குள் பையை வைத்துவிட வேண்டும். முந்தைய இரவே வைத்தால் காக்கைகள் கிழித்துத் தெரு முழுக்க இறைத்துவிடும். பக்கம் 30 செ.மீ.க்கு மேற்பட்ட பொருள்களுக்கு முன்பதிவு செய்து, கடையில் கட்டணச் சீட்டு வாங்கி ஒட்ட வேண்டும். தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், ஏ.சி. ஆகியவற்றை அப்படியும் எடுத்துச் செல்ல மாட்டார்கள். அவற்றுக்கு 2001 முதல் தனி மறுசுழற்சிச் சட்டமே இருக்கிறது.

பணத்தில் செய்யும் தவறு இன்னும் மெதுவாகத்தான் தெரியவரும். முதல் ஆண்டில் கைக்கு வரும் சம்பளத்தையே நிரந்தரம் என்று நம்பி வாடகையை முடிவு செய்கிறவர்கள், மறு ஆண்டு ஜூன் மாதம் ‘ஜூமின்ஸெய்’ எனப்படும் குடியிருப்பு வரி வந்ததும் திகைத்துப் போகிறார்கள். ஜனவரி 1 அன்று ஜப்பானில் முகவரி உள்ளவரிடம், முந்தைய ஆண்டு வருமானத்தின் அடிப்படையில், வரிக்குரிய தொகையில் சுமார் 10 சதவீதம் வசூலிக்கப்படும் என்பதால் வந்த ஆண்டில் அது கண்ணில் படுவதேயில்லை. பிப்ரவரியில் நாடு திரும்பினாலும் முந்தைய ஆண்டுக்கான வரி விடாது. கிளம்பும் முன்பே கட்டிவிட வேண்டும், அல்லது நமக்காகக் கட்ட ஒருவரை வார்டு அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு வர வேண்டும். மருத்துவக் காப்பீடும் அப்படித்தான். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று சேராமல் இருந்தவர், பின்னாளில் சேரும்போது விட்டுப்போன மாதங்களுக்கும் சேர்த்தே கட்ட நேரிடும்.

காகித வேலைகளில் நினைவில் வைக்க வேண்டிய எண் 14. வீடு அமைந்த 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். வேலை மாறினால் அதே 14 நாளுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வசிப்பிட அட்டையைப் பத்திரமாக வீட்டில் வைப்பதும் தவறுதான், அது எப்போதும் உடன் இருக்க வேண்டும் என்பது சட்டம். குடும்ப விசாவில் வந்த மனைவியோ கணவரோ அனுமதி பெறாமல் பகுதிநேர வேலைக்குப் போகக் கூடாது. அனுமதி பெற்றாலும் வாரத்துக்கு 28 மணி நேரம்தான்.

வீட்டைப் பொறுத்தவரை முன்பணத்தையும் ‘ரெய்கின்’ எனப்படும் நன்றித் தொகையையும் ஒன்றாக எண்ணுவது பலர் செய்யும் பிழை. முன்னது கழிவு போகத் திரும்பும், பின்னது உரிமையாளருக்குத் தரும் பரிசு, திரும்பவே திரும்பாது. வெயிலில் சுவர்த்தாள் வெளுப்பது போன்ற இயல்பான தேய்மானம் உரிமையாளரின் பொறுப்பு என்று அரசு வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் துடைக்காமல் விட்ட எண்ணெய்ப் புகைக் கறை வாடகைதாரர் தலையில்தான் விழும். தினமும் கடுகு, மிளகாய் தாளிக்கும் நமக்கு இது சின்ன விஷயமல்ல. புகைபோக்கி விசிறியைப் போட்ட பிறகே அடுப்பைப் பற்றவைத்து, மாதம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவ வேண்டும். குடிபுகும் நாளிலேயே சுவர், தரை, கதவு எல்லாவற்றையும் தேதியுடன் படமெடுத்து வைத்தால், காலி செய்யும்போது பேச்சு சுருக்கமாக முடியும்.

ஊரிலிருந்து மிக்ஸியைச் சுமந்து செல்வது இன்னொன்று. அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் மிக்ஸி முனகிக்கொண்டு சுற்றுமே தவிர, தேங்காய் அரையாது. மின்னழுத்தம் கூட்டும் மின்மாற்றி வாங்கியே தீர வேண்டும் என்றால், மிக்ஸியின் வாட் அளவைவிடத் தாராளமாகத் தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். மரச்சட்ட அடுக்ககங்களில் சுவர் மெல்லியது என்பதால் காலை 6 மணிக்குச் சட்னி அரைப்பதையும் கைவிட வேண்டியிருக்கும்.

சைவர்கள் உணவகத்தில் “இறைச்சி வேண்டாம்” என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்காரக் கூடாது. மிசோ சூப்பிலும் சோபா நூடுல்ஸ் குழம்பிலும் உள்ள ‘தாஷி’ச் சாறு பெரும்பாலும் உலர்த்திய மீன் சீவலிலிருந்து இறக்கப்படுவது, சமையல்காரர் கணக்கில் அது இறைச்சியே இல்லை. மீன் சாறும் கூடாது என்று தனியாகச் சொன்னால்தான் அவருக்கு விளங்கும்.

மருந்துகளில் அலட்சியம் கூடவே கூடாது. சூடோஎஃபிட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைகளுக்கு அனுமதியே இல்லை. மருத்துவர் எழுதித் தந்த மருந்தை ஒரு மாத அளவுக்கு மேல் கொண்டுபோக வேண்டுமானால் இறக்குமதிச் சான்றுக்குப் புறப்படும் முன்பே விண்ணப்பித்து வாங்கிவிட வேண்டும்.

ஓய்வூதியத்துக்குப் பிடித்த பணத்தை நாடு திரும்பிய பின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதும் உண்டு. அதை ஒரே தொகையாகக் கோர, ஜப்பானில் முகவரி நீங்கிய நாளிலிருந்து 2 ஆண்டுதான் கெடு. ஆனால் அப்படி வாங்கிவிட்டால் அந்தக் காலம் எந்த ஓய்வூதியக் கணக்கிலும் சேராது. இந்திய-ஜப்பான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபர் முதல் நடைமுறையில் இருப்பதால், இரு நாட்டுச் சந்தாக் காலத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டே விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும்.