சிபில் ரிப்போர்ட்டில் ஸ்கோரைக் கடைசியாகப் பாருங்கள்

வீட்டுக் கடன் கேட்டுப் போனபோதுதான் என் சிபில் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்கான மதிப்பெண், வெறும் 648 என்று தெரிந்தது. ஒரு தவணைகூடத் தவறியதில்லை என்று மேனேஜரிடம் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால், 2019இல் கட்டி முடித்த ஃப்ரிட்ஜ் கடன் இன்னும் உயிரோடு இருந்தது. பாக்கி 354 ரூபாய். செக் பவுன்ஸ் சார்ஜாம். கூடவே நான் வாங்காத ஒரு நகைக்கடன்.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் தலா வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் வருஷம் முழுக்கக் கண் வைத்திருக்கலாம்.

முதலில் பெயர், பிறந்த தேதி, பான் எண், முகவரி. நம்ம ஊரில் இனிஷியல்தான் வம்பு. எனக்குப் பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும், பாஸ்புக்கில் எம்.செந்தில்குமார், ஆதாரில் செந்தில்குமார் எம். இதே பெயரில் எத்தனை பேர்! நான் குடியே இருக்காத ஒரு தெரு முகவரிப் பட்டியலில் இருந்ததை வைத்துத்தான், நகைக்கடன் வேறொரு செந்தில்குமாருடையது என்று பிடித்தேன்.

அப்புறம் ஒவ்வொரு கடனுக்கும் உள்ள மாதக் கட்டங்கள். '000' என்றால் பாக்கி நிற்கவில்லை. '030' என்றால் 30 நாள் தாமதம். 'எக்ஸ்எக்ஸ்எக்ஸ்' என்றால் அந்த மாதம் வங்கி விவரமே அனுப்பவில்லை, உங்கள் குற்றமில்லை. முடிந்த கடன் 'க்ளோஸ்டு' என்றிருக்க வேண்டும். 'செட்டில்டு' என்றால் பேரம் பேசிக் குறைத்துக் கட்டியதாக அர்த்தம். இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மச்சானுக்கு ஜாமீன் போட்ட கடனும் உங்கள் ரிப்போர்ட்டில் நிற்கும்.

தப்பு இருந்தால் ஆன்லைனில் புகார் போடுங்கள். ஆனால் சிபில் தானாக எதையும் மாற்றாது, கடன் கொடுத்தவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால் அதே நாளில் அவர்களுக்கும் என்.ஓ.சி. (கடன் பாக்கி இல்லை என்ற சான்று) நகலோடு எழுதிவிடுங்கள். 30 நாளில் தீரவில்லை என்றால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு என்பது ரிசர்வ் வங்கி விதி. அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மன், அதாவது குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

நகைக்கடன் மூன்று வாரத்தில் போய்விட்டது. ஃப்ரிட்ஜுக்கு மட்டும் சண்டை போடத் தெம்பில்லாமல் 354 ரூபாயைக் கட்டித் தொலைத்து என்.ஓ.சி. வாங்கினேன். அதை லேமினேட் போட்டு வைத்திருக்கிறேன். ஃப்ரிட்ஜை எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டாச்சு.