பழைய ஷாம்பெயினைத் திறக்கும் முன்

ஷார்டனே திராட்சையில் மட்டும் செய்யும் பிளாங் தெ பிளாங் ஷாம்பெயின் புட்டியில் அறுவடை ஆண்டு அச்சிட்டிருந்தால், அது கடைக்கு வருமுன்பே குறைந்தது 3 ஆண்டுகள் நிலவறையில் கிடந்திருக்கும். ஆனாலும் அவசரப்படாதீர்கள். அவீஸ், லெ மெனில் போன்ற சுண்ணாம்பு மண் ஊர்களின் சரக்கு இளமையில் எலுமிச்சைப் புளிப்போடு வெடுக்கென்றிருக்கும். பத்தாண்டு போனால் வறுத்த ரொட்டி, ஹேசல் கொட்டை, தேன் என மணம் விரியும்.

10–12 டிகிரி செல்சியஸில், இருட்டில் வையுங்கள். வெளிச்சம் பட்டால், அதிலும் நிறமற்ற புட்டியென்றால், வெந்த முட்டைக்கோஸ் வாடை ஏறிவிடும்.

பரிமாறும்போது ஐஸ் குளிர்ச்சி வேண்டாம், மணம் அடங்கிவிடும். பார்வைக்கு மட்டுமே அழகான ஒல்லிக் கிளாஸை ஒதுக்கிவிட்டு, வயிறு அகன்ற ஒயின் கிளாஸில் ஊற்றுங்கள். குமிழி தணிந்திருக்கிறதே என்று கொட்டிவிடாதீர்கள். அந்த வயதுக்கு அது இயல்பு.